கோல்டன் மைல்: காப்பாற்றியது எதை?

சிங்கப்பூரில் பீச் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பெயரில்தான் பீச். கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதில் கரை எங்கோ தள்ளிப் போய்விட்டது. அந்தச் சாலைக்கும் நிக்கல் நெடுஞ்சாலைக்கும் நடுவில் நிற்கிற 16 மாடிக் கட்டடம்தான் கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு பிரம்மாண்டமான படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'டைப்ரைட்டர்'. ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

1973ல் கட்டி முடித்த இந்தக் கட்டடத்தை 2021 அக்டோபரில் சிங்கப்பூர் அரசு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. இடிக்க முடியாது. கட்டடக்கலை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் 2023 மே மாதம் உள்ளே இருந்த கடைக்காரர்கள், குடியிருந்தவர்கள், பஸ் டிக்கெட் விற்றவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கட்டடம் தப்பித்தது, அதற்குள் இருந்த ஊர் தப்பிக்கவில்லை. இதை வெற்றி என்று சொல்வதா, பாதி வெற்றி என்று சொல்வதா?

இதற்குப் பதில் சொல்ல, கட்டடம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1965ல் சிங்கப்பூர் தனி நாடானபோது கையில் இருந்தது நெரிசலான பழைய நகரமும் குடியிருக்க வீடில்லாத ஏராளமான மக்களும்தான். அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. நகர நடுவில் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களைக் கையகப்படுத்தி, ஒன்று சேர்த்து, 'இங்கே இன்னது கட்ட வேண்டும்' என்ற நிபந்தனையோடு தனியாருக்கு 99 வருடக் குத்தகைக்கு விடுவது. 1967ல் ஆரம்பித்த இந்த நில விற்பனையின் முதல் சுற்றில் போன மனைகளில் ஒன்றுதான் இது. அதற்கு முன் அந்தப் பகுதியில் இருந்தவை குடிசைகளும் சிறு பட்டறைகளும்.

வடிவமைத்தது டிசைன் பார்ட்னர்ஷிப் என்ற இளம் நிறுவனம். (இன்றைய டிபி ஆர்க்கிடெக்ட்ஸ். எஸ்பிளனேட் அரங்கத்தைக் கட்டியவர்கள் என்றால் பலருக்குத் தெரியும்.) கான் எங் ஊன், வில்லியம் லிம், டே கெங் சூன் ஆகிய மூவரின் பெயர்கள் இந்தக் கட்டடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. லிம்மும் டேயும் வெறும் கட்டடக்கலைஞர்கள் இல்லை. நகரத்தைப் பற்றி அரசோடு வாதம் செய்த 'ஸ்பர்' என்ற குழுவில் முன்னணியில் இருந்தவர்கள். அவர்களது வாதம் இதுதான்: ஆசிய நகரங்களில் ஜனநெருக்கம் ஒரு நோய் இல்லை, அதுதான் பலம். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், கடைத்தெரு ஓரிடம் என்று மேற்கத்திய பாணியில் பிரித்துப் போடாமல் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அப்போது ஜப்பானில் கென்சோ டாங்கே, புமிஹிகோ மாகி போன்றவர்கள் இதே மாதிரி பிரம்மாண்டக் கட்டடங்களைப் பற்றி எழுதியும் வரைந்தும் கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலும் காகிதத்தில் இருந்ததை இங்கே கான்கிரீட்டில் போட்டுவிட்டார்கள்.

கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். நடுவில் உயரமான திறந்த கூடம், அதன் வழியாகக் காற்றும் வெளிச்சமும். படிக்கட்டு வடிவம் அழகுக்காக மட்டும் இல்லை. மேலே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வானமும் கடல் காட்சியும் கிடைக்க வேண்டும், காற்று வர வேண்டும், நெடுஞ்சாலை இரைச்சல் நேரே முகத்தில் அறையக் கூடாது. எல்லாம் யோசித்துச் செய்தது. இப்படிப்பட்ட கட்டடங்கள் அந்தக் கடற்கரை நெடுகத் தொடர்ச்சியாக, உள்நடைபாதைகளால் இணைந்து ஒரு நீள நகரமாக வளரும் என்பது அவர்கள் கனவு. அந்தத் தொடர்ச்சி வரவே இல்லை. கடலும் பிற்பாடு கடலாக இல்லை. 2008ல் மரினா அணை வந்தபின் எதிரே இருக்கிற காலாங் நீர்ப்பரப்பு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது!

சரி, இது கட்டடக்கலைப் புத்தகங்களில் இருக்கிற கதை. புத்தகத்தில் இல்லாத கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1970கள், 80களில் சிங்கப்பூர் கட்டுமானப் பணிகளுக்குத் தாய்லாந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தென் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரத்துக்குப் போகிற பஸ்கள் கோல்டன் மைல் வாசலிலிருந்து கிளம்பின. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை முளைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே? இங்கே முளைத்தது தாய்ச் சாப்பாட்டுக் கடை. பிறகு மளிகைக் கடை, பணம் அனுப்புகிற கடை, முடி திருத்தும் கடை, தாய்ப் பாட்டு போடுகிற மதுக்கூடம், புத்தர் தாயத்து விற்கிற கடை. மாடியில் 'தாய் சூப்பர்மார்க்கெட்' என்றே ஒரு பெரிய கடை. கொஞ்ச காலத்தில் கட்டடத்துக்கு 'குட்டித் தாய்லாந்து' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடிய கூட்டத்தைப் பற்றித் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிராங்கூன் சாலையில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் பங்களாதேஷ்காரர்களும் கூடுகிற கூட்டமும் அதே வகைதான். வாரம் பூராவும் சிமெண்டும் கம்பியும் தூக்கியவனுக்கு அரை நாள் தன் மொழி காதில் விழ வேண்டும், தன் ஊர்ச் சாப்பாடு வாயில் படவேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். இந்த மூன்றும் நடக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தில் வாடகை குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவன் செலவழிக்கப் போவது சில வெள்ளிகள்தான்.

கோல்டன் மைலில் வாடகை ஏன் குறைவாக இருந்தது? விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டடத்துக்கு ஒரே முதலாளி கிடையாது. 1967ல் சிங்கப்பூர் ஸ்ட்ராட்டா சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு கடையையும் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி ஆளுக்குக் கிரயம் செய்து கொடுக்கலாம், படிக்கட்டும் லிஃப்டும் கூரையும் எல்லோருக்கும் பொது. கோல்டன் மைலில் இப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். கடை வாடகையை நிர்ணயிக்கிற மேனேஜர் கிடையாது. எந்த மாடியில் எந்த பிராண்டு வரவேண்டும் என்று யோசிக்கிற ஆள் கிடையாது. கடையை எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு பெரியவர், வருகிற வாடகை போதும் என்று தாய்லாந்து அம்மா ஒருவருக்கு விட்டிருப்பார். அவ்வளவுதான். புதிய ஷாப்பிங் மால்களில் அந்த அம்மா உள்ளே நுழையவே முடியாது.

அதே சட்டம்தான் கட்டடத்தைக் கெடுக்கவும் செய்தது. எழுநூறு பங்குதாரர்கள் சேர்ந்து ஒரு கூரைக் கசிவைச் சரிசெய்வது என்றால் என்ன ஆகும் என்று எந்த அபார்ட்மென்ட் அசோசியேஷனைக் கேட்டாலும் சொல்வார்கள். எஸ்கலேட்டர் நின்றால் நின்றதுதான். பெயிண்ட் உதிர்ந்தது. மேல்மாடிக்காரர்கள் அவரவர் பால்கனியை அவரவர் இஷ்டத்துக்குத் தகரத்தாலும் பலகையாலும் கண்ணாடியாலும் அடைத்துக்கொண்டார்கள். கூடுதலாக ஒரு அறை கிடைத்தது, கட்டடத்தின் அழகான படிக்கட்டு முகம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆனது. 2006ல் நியமன எம்.பி. ஐவன் பிங் நாடாளுமன்றத்தில் இதை 'செங்குத்துச் சேரி' என்றே சொல்லிவிட்டார். தேசிய அவமானம் என்றும் சொன்னார். கட்டடத்தை ரசிக்கிறவர்களுக்கு இன்றும் கோபம் வருகிற வார்த்தைகள். ஆனால் நியாயமாகப் பார்த்தால், அவர் கண்ணில் பட்டதை முற்றிலும் பொய் என்று சொல்ல முடியாது. அவர் தவறவிட்டது வேறு. அந்த அழுக்குத்தான் வாடகையைக் குறைத்து வைத்திருந்தது. வாடகை குறைந்ததால்தான் உள்ளே ஒரு ஊர் இருந்தது. அழுக்கு வேண்டும் என்று வாதாட யாரும் வரமாட்டார்கள். ஆனால் அழுக்கை நீக்கும்போது கூடவே எது போகிறது என்று கணக்குப் பார்க்க ஒருவராவது வேண்டும் அல்லவா?

உரிமையாளர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். இவர்களை வில்லன்களாக்குவது சுலபம், சரியில்லை. குத்தகை ஆரம்பித்தது 1969. 2022ல் மீதி இருந்தது சுமார் 46 வருடங்கள். குத்தகை கரையக் கரைய வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டமாகும், வாங்க வருகிறவர்கள் குறைவார்கள், கடைசியில் நிலம் அரசிடமே திரும்பும், கையில் ஒன்றும் மிஞ்சாது. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டிலோ கடையிலோ போட்டவருக்கு இது தூக்கம் கெடுக்கிற கணக்கு. இதற்கு சிங்கப்பூரில் இருக்கிற வழி கூட்டு விற்பனை. ஊரில் 'என்பிளாக்' என்பார்கள். கட்டடத்துக்குப் பத்து வயது தாண்டிவிட்டால், 80 சதவீத உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், மொத்தக் கட்டடத்தையும் விற்றுவிடலாம். 1999ல் வந்த திருத்தம் இது. அதற்கு முன் ஒருவர் முரண்டு பிடித்தாலும் விற்க முடியாது.

2018ல் கோல்டன் மைலில் அந்த 80 சதவீதம் சேர்ந்தது. 800 மில்லியன் வெள்ளி கேட்டார்கள். ஒருவரும் வாங்க வரவில்லை. காரணம் எளிது, இந்தக் கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கலாம் என்ற பேச்சு அப்போதே அடிபட்டது. இடிக்க முடியாத கட்டடத்தை எந்த டெவலப்பர் வாங்குவார்?

அதே வருடத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேர்ல் பேங்க் அபார்ட்மென்ட்ஸ், 1976ல் கட்டிய 38 மாடி, குதிரை லாடம் போல வளைந்த கட்டடம். வடிவமைத்த டான் செங் சியோங் தன் கண்ணெதிரே அது போகக் கூடாது என்று வருடக்கணக்கில் முயன்று பார்த்தார். 728 மில்லியன் வெள்ளிக்கு விற்றுப்போய், பிறகு இடிக்கவும் பட்டது. அந்த இழப்பு பலரை உலுக்கியது. கோல்டன் மைல் தப்பித்ததில் பேர்ல் பேங்கின் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

2020ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டடத்தைப் பாதுகாக்கும் யோசனையை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அடுத்த வருடம் அறிவிப்பும் வந்தது. பல உரிமையாளர்கள் கொண்ட இத்தனை பெரிய நவீனக் கட்டடம் ஒன்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்தது சிங்கப்பூரில் அதுவே முதல் தடவை. உரிமையாளர்களும் நஷ்டப்படக் கூடாது, டெவலப்பரும் ஓடிவிடக் கூடாது என்பதால் சலுகைகள் தாராளமாக இருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கட்டடப் பரப்பு, பக்கத்தில் புதிய கோபுரம் கட்ட அனுமதி, மேம்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி, குத்தகையை மறுபடி 99 வருடமாக்கும் வாய்ப்பு. இதற்குப் பிறகு 2022 மே மாதம் பெரெனியல் ஹோல்டிங்ஸ், சினோ லேண்ட், ஃபார் ஈஸ்ட் ஆர்கனைசேஷன் ஆகியவை சேர்ந்து 700 மில்லியன் வெள்ளிக்கு வாங்கின. பழைய கட்டடம் 'தி கோல்டன் மைல்' என்ற பெயரில் அலுவலகங்களும் கடைகளுமாகும். வீடுகள் பக்கத்தில் எழும் 45 மாடிக் கோபுரத்துக்குப் போகின்றன. 'ஆரியா' என்று பெயர், 188 வீடுகள், 2025ல் விற்பனைக்கு வந்தது.

கவனித்தால் ஒன்று புரியும். கடையும் அலுவலகமும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே என்பதுதான் 1967ன் அடிப்படை யோசனை. அந்தக் கூரையைக் காப்பாற்றிவிட்டு, வீட்டை மட்டும் எடுத்துப் பக்கத்துக் கோபுரத்தில் வைத்துவிட்டார்கள். விளம்பரத்தாளில் இதுவும் 'கலப்புப் பயன்பாடு' என்றுதான் இருக்கும். பழைய கட்டடத்தில் கலந்திருந்தது பயன்பாடுகள் மட்டும் இல்லை, பணப்பைகளும்தான். மேல்மாடியில் ஆர்க்கிடெக்ட் குடியிருந்தார், கீழே கொத்து வேலைக்காரர் மூகாத்தா சாப்பிட்டார். (மூகாத்தா என்பது நடுவில் குமிழ் மாதிரி எழும்பிய சட்டியில் கறியைச் சுட்டு, சுற்றியுள்ள பள்ளத்தில் சூப் கொதிக்க விடுவது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் சாப்பிடலாம், மேனேஜர் வந்து எழுப்பமாட்டார்.)

இதற்கு வருகிற வழக்கமான பதில் ஒன்று உண்டு. 'குட்டித் தாய்லாந்தை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை, தானாக வந்தது, தானாகப் போகிறது. அதையெல்லாம் சட்டம் போட்டுக் காப்பாற்ற முடியாது. கடைகள் வேறு இடம் தேடிக்கொள்ளும்.' இதில் பாதி உண்மை. தாய் சூப்பர்மார்க்கெட் அப்பேரியா மாலுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. சில சாப்பாட்டுக் கடைகளும் வேறு இடங்களில் திறந்தன. ஆனால் பலம் அந்தக் கடைகளிலா இருந்தது? ஒன்றுக்கொன்று பத்தடி தூரத்தில் இருந்ததில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவன் முடி வெட்டி, பணம் அனுப்பி, எலுமிச்சைப் புல் வாங்கி, சாப்பிட்டுவிட்டு நண்பனைப் பார்ப்பான். நாலு மூலைக்குச் சிதறிய பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கடை. அவ்வளவே.

'பயன்பாட்டைக் காப்பாற்ற முடியாது' என்பதைச் சிங்கப்பூரே பொய்யாக்கியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சாலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் கோல்டன் மைல் உணவங்காடி நிலையம். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களை 1970களில் அரசு இப்படிக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. பல பழைய கடைக்காரர்களுக்குக் குறைந்த வாடகை, வடிகால், தண்ணீர், சுத்தம் பற்றிய விதிகள். சந்தை விலைக்கு விட்டிருந்தால் நூடுல்ஸ் விற்கிறவர் நகர நடுவில் நின்றிருக்க முடியாது. அரசு வாடகையைப் பிடித்து வைத்ததால் நிற்கிறார். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாச்சாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது எந்தக் கட்டடத்தையும் இல்லை, அங்கே நடக்கிற வாழ்க்கையை. ஆக, எப்படிச் செய்வது என்று தெரியாமல் இல்லை.

அப்படியானால் கோல்டன் மைலில் என்ன செய்திருக்கலாம்? பெரிதாக எதுவும் வேண்டாம். கூடுதல் பரப்பும் கட்டணத் தள்ளுபடியும் வானத்திலிருந்து விழவில்லை, அவை பொதுமக்களின் சொத்து. அதைக் கொடுக்கும்போது கட்டடத்தின் எந்தத் தூணைத் தொடக்கூடாது, எந்த முகப்பை மாற்றக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதே தாளில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம்: கீழ்த்தளத்தில் இத்தனை கடைகள், இத்தனை வருடங்களுக்கு, குறைந்த வாடகையில், முன்பு இங்கே இருந்தவர்களுக்கு முதல் உரிமை. பஸ் நிற்க ஒரு மூலை. டெவலப்பரின் லாபம் கொஞ்சம் குறைந்திருக்கும், ஏலத்தில் விலையும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். 700 மில்லியன் 680 ஆகியிருந்தால் உரிமையாளர்கள் சம்மதித்திருப்பார்களா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்த வித்தியாசத்தை அரசு இன்னும் ஒரு துளி சலுகையால் சரிக்கட்டியிருக்கலாம். தூணுக்காகச் சலுகை கொடுக்கலாம் என்றால் சோம்தம் இடிக்கிற உரலுக்காகவும் கொடுக்கலாம்.

எதிர்வாதம் இன்னொன்றும் உண்டு. தாய்லாந்துத் தொழிலாளர்கள் முன்பிருந்த அளவு இப்போது சிங்கப்பூரில் இல்லை, கடைசி வருடங்களில் கோல்டன் மைலுக்குப் போனவர்களில் பலர் தாய்ச் சாப்பாடு பிடித்த உள்ளூர்க்காரர்கள்தான் என்பது. இது சரிதான். இடங்கள் மாறும். மலாய்க்காரர் தெருவில் துருக்கிக் கடை வரும், சீனர் தெருவில் தமிழர் கடை வரும். கோல்டன் மைலே குடிசைகளை அகற்றிய இடத்தில் எழுந்ததுதான். அதற்காக அங்கே இருந்தவர்கள் அழுதிருப்பார்கள், அது எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஒரு கூட்டம் மெல்லக் கரைந்து அடுத்த கூட்டம் மெல்ல வருவது ஒன்று. ஒரே மாதத்தில் எல்லோரும் வெளியேறி, கதவு பூட்டி, வருடங்கள் கழித்து வேறு வாடகையில் திறப்பது வேறொன்று. அடுத்து வந்திருக்கக்கூடிய கூட்டமும், மியான்மர்காரர்களோ வேறு யாரோ, இனி இங்கே வரப்போவதில்லை.

வில்லியம் லிம் 2023 ஜனவரியில் காலமானார், கட்டடம் காலியாவதற்கு நாலு மாதம் முன்பு. மறுசீரமைப்பு வேலை அவர் தொடங்கி வைத்த நிறுவனத்தின் வழி வந்த டிபி ஆர்க்கிடெக்ட்ஸிடமே வந்திருக்கிறது. படிக்கட்டு முகப்பில் தகரம் அடைத்த பால்கனிகள் போய்விடும், 1973ல் இருந்ததைவிட அழகாகவே இருக்கும் என்று நம்பலாம்.

பக்கத்திலிருக்கிற கோல்டன் மைல் டவரில் 2014ல் தொடங்கிய 'தி புரொஜெக்டர்' திரையரங்கம் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளக்ஸ், அதே நிறுவனம் அதே வருடங்களில் கட்டிய 31 மாடி, இன்னும் நிற்கிறது. அங்கேயும் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், கரைகிற குத்தகை, நடுக்கூடத்தில் பயண ஏஜென்ட்களும் மசாஜ் கடைகளும். அங்கேயும் கூட்டு விற்பனைக்கு முயற்சிகள் நடந்திருக்கின்றன. அந்தக் கட்டடத்துக்குச் சலுகைத் தாள் எழுதும் நாள் வந்தால், அந்த ஒரு வரியைச் சேர்க்க அப்போதாவது இடம் இருக்கும்.